அலுவலக மின்னஞ்சலுக்குத் தனிக் கட்டணம் எதற்கு?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்த உங்கள் அண்ணனுக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரமே மேலாளர் சொல்கிறார்: "கம்பெனி மின்னஞ்சலை உன் கைப்பேசியிலேயே போட்டுக்கொள்." வீட்டில் அம்மாவின் முதல் கேள்வி, "அதுக்கு மாசம் எவ்வளவு பிடிப்பான்?"

தனியாக ஒரு காசும் பிடிக்கமாட்டார்கள். அண்ணன் ஏற்கெனவே போட்டிருக்கும் இணையத் தரவே போதும். ஆனால் அம்மாவின் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு காலத்தில் இதற்கென்றே பணம் பிடித்தார்கள். ஏன் பிடித்தார்கள், பிறகு ஏன் அது தேவையில்லாமல் போனது என்பதில் நல்ல அறிவியல் இருக்கிறது.

பால்மரத் தோட்டங்கள் ஓங்கியிருந்த காலத்தில் தொழிலாளர்களுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தோட்ட ஆபீசுக்கே வந்து சேரும். கடிதத்துக்குக் காத்திருப்பவர் அரைமணிக்கு ஒருமுறை லயத்திலிருந்து நடந்துபோய், "எனக்கு ஏதும் வந்திருக்கா ஐயா?" என்று கிராணியிடம் கேட்டால் என்ன ஆகும்? பத்துத் தடவையில் ஒன்பது தடவை "இல்லை" என்ற பதில்தான். கால்வலிதான் மிச்சம். அதற்குப் பதிலாக ஜன்னலோரம் நின்று, "வந்தால் கூப்பிடுங்கள், அதுவரை இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிடலாம்.

கைப்பேசியும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது. ஆபீசுக்குப் பதில் சர்வர், கால்வலிக்குப் பதில் மின்கலச் செலவு. அடிக்கடி போய்க் கேட்கும் முறையில் ஒவ்வொரு தடவையும் புதிதாக இணைப்பு ஏற்படுத்த வேண்டும். அதனால் மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜன்னலோரம் நிற்கும் முறை, ஐமேப் என்ற மின்னஞ்சல் நெறிமுறையில் 1997-இல் சேர்க்கப்பட்டது. கைப்பேசி, "நான் காத்திருக்கிறேன்" என்று ஒரு சொல்லை மட்டும் அனுப்பிவிட்டு அமைதியாகிவிடும். அஞ்சல் வந்ததும் சர்வர் தானே கூப்பிடும். 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அந்தச் சொல்லைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. அதென்ன 29? அரைமணி நேரம் பேச்சுமூச்சு இல்லையென்றால், ஆள் போய்விட்டார் என்று சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடலாம். அதற்கு ஒரு நிமிடம் முந்திக்கொள்வதுதான் கணக்கு.

ஆனால் 1990களின் கைப்பேசி வலையமைப்புகளுக்கு இப்படி நாள்முழுக்க இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் வலு இல்லை. அந்த இடத்தில் நுழைந்ததுதான் பிளேக்பெரி. கனடாவின் வாட்டர்லூ நகரில் இருந்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999-இல் அதை வெளியிட்டது. அலுவலகத்துக்கு வரும் அஞ்சலை, அங்கேயே வைத்த ஒரு தனிச் சர்வர் எடுத்துச் சுருக்கி, பூட்டி, அந்த நிறுவனத்தின் மையத்துக்கு அனுப்பும். மையம் அதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கொடுக்கும். அங்கிருந்து அது உங்கள் கையிலுள்ள கருவிக்கு வரும். இடையில் நின்ற மையம் சும்மா வேலை செய்யுமா? ஒவ்வொரு பயனருக்கும் மாதாமாதம் கட்டணம் கேட்டது. அது கடைசியில் வாடிக்கையாளர் ரசீதில்தான் வந்து விழுந்தது. ஆக, அந்தக் கட்டணத்துக்கு அன்று ஒரு நியாயம் இருந்தது.

நியாயம் போன பிறகும் கட்டணம் மட்டும் நின்றதுதான் வேடிக்கை. 2008-இல் ஐபோன், மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வருடன் நேரடியாகப் பேசத் தொடங்கியது. இடைத்தரகர் யாரும் இல்லை. அப்படியும் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் தனிநபர் தரவுக்கு மாதம் 30 டாலரும், அலுவலக மின்னஞ்சலுக்கான தரவுக்கு 45 டாலரும் வாங்கியது. அதே கருவி, அதே கோபுரம், அதே வேகம்! என் பார்வையில் அந்தக் கூடுதல் 15 டாலருக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. செலவை எப்படியும் முதலாளிதான் கொடுப்பார் என்ற வணிகக் கணக்குதான்.

தொழில்நுட்பப்படி பார்த்தால் அலுவலக அஞ்சலைத் தனியே பிரித்துப் பார்ப்பதே கடினம். எக்ஸ்சேஞ்ச் வழியாக வரும் அஞ்சல், இணையப் பக்கங்கள் வரும் அதே 443-ஆம் வாயில் வழியாக, குறியாக்கம் செய்யப்பட்டு வருகிறது. எந்தச் சர்வரிலிருந்து எத்தனை பைட்டு வந்தது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். உள்ளே இருப்பது சம்பளப் பட்டியலா, பிறந்தநாள் வாழ்த்தா என்று தெரியாது. அதற்கு எல்லாம் வெறும் தரவுதான்.

அந்தத் தரவு எவ்வளவு ஆகும்? வெறும் எழுத்தாலான ஓர் அஞ்சல் 10 கிலோபைட்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிகாபைட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் அஞ்சல்கள் அடங்கும். தரவைத் தின்பவை இணைப்புக் கோப்புகள்தான். மின்னஞ்சல் முதலில் எழுத்துகளுக்காக மட்டுமே உருவானது. படத்தை அதில் அனுப்ப, ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்தாக மாற்றும் முறை ஒன்று 1992-இல் வகுக்கப்பட்டது. அது இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதனால் 3 மெகாபைட்டுப் படம் வழியில் சுமார் 4 மெகாபைட்டாக உப்பிவிடும்.

ப்ரீபேய்டில் டாப் அப் செய்து ஓட்டுபவர்கள் இதை வைத்தே சிக்கனம் பண்ணலாம். படங்களும் கோப்புகளும் தானாக இறங்குவதை நிறுத்தி, வைஃபை கிடைக்கும்போது மட்டும் இறங்கும்படி அமைக்கலாம். பழைய அஞ்சல்கள் எல்லாவற்றையும் இறக்காமல் கடைசி ஒரு வாரத்தை மட்டும் கேட்கலாம். கணக்கைச் சேர்க்கும் வேலை சில நிமிடம்தான்: செயலியில் முகவரியைத் தட்டி, கணக்கின் வகையை அலுவலகத்தில் கேட்டுத் தேர்ந்து, கடவுச்சொல்லைக் கொடுத்தால் முடிந்தது. இதற்கென்று எந்தத் திட்டமும் வாங்கத் தேவையில்லை.

கூடுதல் கட்டணம் உண்மையிலேயே வரக்கூடிய இடம் ஒன்று பேராக்கிலேயே இருக்கிறது. பெங்காலான் ஊலுவைத் தாண்டினால் தாய்லாந்தின் பெத்தோங். எல்லையோரத்தில் கைப்பேசி அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால், பின்னணியில் சத்தமில்லாமல் இறங்கும் அஞ்சலுக்கு வெளிநாட்டுத் தரவுக் கட்டணம் ஏறலாம். அங்கே போகும் முன் ரோமிங் தரவை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

காசு இல்லை, சரி. வேறு ஒரு விலை உண்டு. அதைத்தான் பலரும் படிக்காமல் "சம்மதம்" என்று தட்டிவிடுகிறார்கள்.

அலுவலகக் கணக்கைச் சேர்க்கும்போது சில கைப்பேசிகளில் ஓர் அனுமதிப் பட்டியல் வரும். திரைப் பூட்டின் விதியை மாற்றுவது, கைப்பேசியைப் பூட்டுவது, "எல்லாத் தரவையும் அழிப்பது" என்று அதில் இருக்கும். கடைசி வரியைக் கவனியுங்கள். கைப்பேசி தொலைந்தாலோ, ஊழியர் விலகினாலோ நிறுவனத்து ரகசியங்கள் வெளியே போகக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நோக்கம் தவறில்லை. ஆனால் அந்தக் கட்டளை வந்தால் அலுவலக அஞ்சலோடு, அதே கைப்பேசியில் இருக்கும் தாத்தாவின் பழைய லயத்து வீட்டுப் படங்களும் போய்விடும். கருவி அண்ணனுடையது, அழிக்கும் அதிகாரம் அலுவலகத்துடையது!

இதற்கும் வழி உண்டு. அவுட்லுக் போன்ற தனிச் செயலியில் கணக்கைச் சேர்த்தால், அழிப்புக் கட்டளை அந்தச் செயலிக்குள் இருப்பதை மட்டுமே துடைக்கும். ஆண்ட்ராய்டில் 2014 முதல் 'பணிப் பகுதி' என்ற தனி அறையை அமைக்கும் வசதி இருக்கிறது. நிறுவனத்தின் கை அந்த அறைக்குள் மட்டும்தான் நீளும். ஐபோனிலும் 2019-இல் இதைப் போன்ற ஏற்பாடு வந்தது. எந்த வழியில் சேர்ப்பது என்று நிறுவனத்தின் கணினிப் பிரிவிடம் முதல் நாளே கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. படங்களை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைத்த பிறகு சேர்ப்பது இன்னும் நல்லது.

உங்களுக்கும் இதில் பங்குண்டு. பள்ளியில் கொடுத்த டெலிமா கணக்கை வைத்திருக்கிறீர்களே, அதை நிர்வகிப்பது கல்வி அமைச்சு. அதில் சேமித்த கோப்புகள் பள்ளியை விட்டுப் போன பிறகும் அப்படியே கிடைக்கும் என்று நம்பியிருக்காமல், வேண்டியதை முன்கூட்டியே உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிளேக்பெரியின் பழைய கருவிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. அதற்குச் சில நாள் முன்புதான், 2021 இறுதியில், மலேசியாவில் 3ஜி வலையமைப்பையும் மூடினார்கள்.

அண்ணனிடம் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். புதிய தொலைபேசி எண்ணைச் சேமிக்கும்போது, எந்தக் கணக்கில் சேமிக்கட்டும் என்று கைப்பேசி கேட்கும். அங்கே அலுவலகக் கணக்கைத் தேர்ந்துவிட்டால், வேலை மாறி அந்தக் கணக்கை நீக்கும் நாளில் அம்மாவின் எண்ணும் சேர்ந்தே காணாமல் போகும்.