முறுக்கு சுட்ட எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், விற்கலாம்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பலகாரச் சட்டி அடுப்பைவிட்டு இறங்குவதே இல்லை. முறுக்கு விற்றுத் தீர்ந்துவிடும்; கறுத்துப்போன எண்ணெய் மிஞ்சும். சுடுநீரோடு சேர்த்து ஊற்றிவிட்டால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள்.

போகாது. சுடுநீர் சற்றுத் தூரத்திலேயே ஆறிவிடும். எண்ணெய் மாவுத் துகளோடு சேர்ந்து குழாய்க்குள் கட்டியாகப் படியும். வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் குழாய் அடைத்தால் நட்டம் கடைக்காரருக்கே. அடைக்காமல் கால்வாய்க்குப் போனால் கிள்ளான் ஆற்றில் சேரும். பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடும் அதே ஆறுதான் கிள்ளான் நகரைக் கடந்து கடலுக்குப் போகிறது. கோலாலம்பூர்க்காரர் ஊற்றுவது கிள்ளான்காரர் வாசலுக்கு வருகிறது!

இந்த எண்ணெய்க்கு விலை உண்டு. வாங்குவோர் கிலோ கணக்கில் எடுக்கிறார்கள். பயோடீசல் தயாரிக்க உதவுகிறது. விமானத்துக்கும்கூட: 2022 ஜூன் 5 அன்று மலேசியா ஏர்லைன்ஸ், இத்தகைய கழிவுகளிலிருந்து தயாரான எரிபொருளைக் கலந்து, கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பயணிகள் விமானத்தை இயக்கியது.

எண்ணெயை நன்றாக ஆறவிட்டு வடிகட்டி, அது வந்த 5 கிலோ பாட்டிலிலேயே ஊற்றி மூடுங்கள். தண்ணீர் சேரக்கூடாது, சேர்ந்தால் விலை குறையும். கசடு குப்பைக்குப் போகட்டும். ஒரு பாட்டிலுக்காக யாரும் லோரி எடுத்து வரமாட்டார்கள். வீட்டில் ஆர்டர் எடுத்துச் செய்யும் அக்காமார் நாலைந்து பேர் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது நல்லது. கொடுக்கும் முன், எண்ணெய் எங்கே போகிறது என்று வாங்குபவரிடம் கேளுங்கள். அது மறுபடி யாருடைய சட்டிக்கும் வரக்கூடாது.