கல்யாணியின் இட்லிக்கடை

எமது கிராமப் பெண்கள் குழுவின் கூட்டம் முடிந்த ஒரு மாலை, அந்த வீட்டுத் தொலைக்காட்சியில் 'பராசக்தி' போய்க்கொண்டிருந்தது. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் சகோதரி ஒருவர் வாசலில் நின்றபடியே பார்த்தார். "கடை போட்ட பொம்பிளைக்கு அப்பவும் இதே கரைச்சல்தானோ?" என்றார்.

1952இல் வந்த அப்படத்தைப் பலரும் நீதிமன்றக் காட்சிக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். குணசேகரனின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் ஆண்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவன் தங்கை கல்யாணியின் இட்லிக்கடையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ரங்கூனில் இருந்த அண்ணன்மாரை இரண்டாம் உலகப் போர் சிதறடிக்கிறது. கணவனும் தந்தையும் இறந்துவிட, கைக்குழந்தையுடன் அவள் இட்லி விற்கிறாள். எங்களில் எத்தனையோ பேர் செய்ததைத்தான் அவளும் செய்தாள். ஆனால் படம் அவளைக் கடையில் நிலைக்க விடவில்லை. வம்பு செய்பவன் வருகிறான். அடைக்கலம் தேடிய இடத்திலும் கை நீளுகிறது. கடைசியில் பிள்ளையை ஆற்றில் எறிந்துவிட்டுத் தானும் சாகத் துணிகிறாள். சமூகத்தின் கொடுமையைக் காட்டவே அப்படி எழுதினார்கள் என்பது உண்மை. என்றாலும் அவள் துயர் தீர அண்ணன்மார் வந்து சேரவேண்டியிருந்தது.

1974இல் கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' வந்தது. சுஜாதா நடித்த கவிதா அலுவலகம் சென்று உழைத்து முழுக் குடும்பத்தையும் தாங்குகிறாள். கோபிக்கிறாள், அதட்டுகிறாள். அவளுக்கும் கல்யாணம் கூடிவரும் வேளையில் அண்ணன் இறந்துபோக, மணமகனைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் வேலைக்குப் போகிறாள். படம் அவளை மதிக்கிறது, ஆனால் தியாகியாகத்தான் மதிக்கிறது. இந்தப் புகழ்ச்சிதான் எனக்குப் பயம். குடும்பத்தைத் தாங்கும் பெண்ணைத் 'தெய்வம்' என்று சொன்ன அதே வாய், காணி உறுதி எழுதும்போது வீட்டில் ஆண்பிள்ளை இல்லையா என்று கேட்டதை நேரில் கண்டிருக்கிறேன்.

பிறகு வந்தவற்றில் திமிர் பிடித்தவளை நாயகன் அடக்கும் கதைகள் ஏராளம். 1992இல் 'மன்னன்' தொழிற்சாலை முதலாளியம்மாவையே கடைசியில் வீட்டுக்குள் இருத்தியது. அவற்றைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை.

2016இல் வந்த 'அம்மா கணக்கு' படத்தைக் குழுவில் சேர்ந்து பார்த்தோம். ஹிந்திப் படமொன்றின் மீளாக்கம் அது. அமலா பால் நடித்த சாந்தி, வீட்டுவேலை செய்து தனியே மகளை வளர்ப்பவள். படிப்பில் நாட்டமில்லாத மகளுக்காக அவளது பத்தாம் வகுப்பிலேயே மாணவியாகச் சேர்ந்து கணிதம் படிக்கிறாள். மீட்க அண்ணனும் வரவில்லை, மணமகனும் வரவில்லை. துணை நிற்பவர் அவள் வேலை செய்யும் வீட்டு அம்மா.

"படம் நல்லம். ஆனா கிழமைக்குக் கிழமை கடன்காசு கேட்டு வாறவையைக் காணேல்லையே" என்றார் இடியப்பச் சகோதரி. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

இடப்பெயர்வோடு ஒன்பதாம் ஆண்டில் படிப்பை விட்டவர் அவர். போகும்போது மெதுவாக என்னிடம் கேட்டார், சாதாரண தரக் கணிதத்தை இந்த வயதிலும் எழுதலாமோ என்று. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். பழைய வினாத்தாள்கள் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.