சிங்கப்பூர் ட்ரிப்: டூரிஸ்ட் பாஸ் வாங்கணுமா, வேண்டாமா?

முதல் வெளிநாட்டு ட்ரிப்னு சொன்னாலே நம்மில் பல பேருக்கு சிங்கப்பூர்தான். ஃப்ளைட் டிக்கெட்டுக்கு பத்து ஆப் பார்த்து விலை ஒப்பிடுறோம். ஆனா அங்கே போய் இறங்கினதும், "அன்லிமிடெட்" என்ற ஒரே வார்த்தையைப் பார்த்து டூரிஸ்ட் பாஸ் வாங்கிடுறோம். அது லாபமா? வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அங்கே எம்.ஆர்.டி ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தூரத்தை வைத்துத்தான் கட்டணம். ஊருக்குள் ஒரு பயணத்துக்கு சராசரியா 1.80 டாலர்னு வைத்துக்கொள்ளலாம். 45 நிமிடத்துக்குள் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினால், இரண்டும் சேர்ந்து ஒரே பயணமாகத்தான் கணக்காகும்.

உங்களுக்கு மூன்று வழி இருக்கு.

1. டூரிஸ்ட் பாஸ்: ஒரு நாளுக்கு 17 டாலர், 2 நாளுக்கு 24, 3 நாளுக்கு 29. எத்தனை முறை வேணும்னாலும் போகலாம்.

2. உங்க பேங்க் கார்டு: கான்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டை நேரா கேட்டில் தட்டலாம். வெளிநாட்டு கார்டு என்பதால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 0.60 டாலர் கூடுதல். அதோடு நம்ம பேங்க் ஃபாரெக்ஸ் மார்க்கப் போடும். 3.5% மார்க்கப், அதன் மேல் 18% ஜிஎஸ்டி என்றால் மொத்தம் 4.13%.

3. ஈஸி-லிங்க் கார்டு: விலை 10 டாலர். அதில் 5 டாலர்தான் பயணத்துக்கு. மீதி 5 கார்டின் விலை, திரும்பி வராது.

இப்போ 3 நாள் ட்ரிப், தினமும் 4 பயணம்னு எடுத்துக்குவோம். மொத்தம் 12 பயணம், கட்டணம் 21.60 டாலர்.

- பேங்க் கார்டு: 21.60 + 1.80 = 23.40. மார்க்கப் சேர்த்தால் சுமார் 24.40
- ஈஸி-லிங்க்: 21.60 + 5 = 26.60
- டூரிஸ்ட் பாஸ்: 29

பேங்க் கார்டுதான் ஜெயிக்குது. பாஸ் லாபமாகணும்னா தினமும் 5 பயணமாவது போகணும். ஆனா மரீனா பே, சைனாடவுன், லிட்டில் இந்தியானு சுற்றும்போது பாதி நேரம் நடந்துகிட்டுதான் இருப்போம். 9 நாளோ அதுக்கு மேலயோ தங்கினால் ஈஸி-லிங்க் வாங்குங்க. தினசரி 0.60 டாலர் அந்த 5 டாலரைத் தாண்டிடும்.

இன்னொரு விஷயம். பாஸில் "ஒரு நாள்" என்றால் 24 மணி நேரம் இல்லை, அன்றைய சர்வீஸ் முடியும் வரைதான். சாயங்காலம் இறங்கி அப்பவே பாஸைத் தட்டினால், ஒரு முழு நாள் போச்சு! சென்டோசா எக்ஸ்பிரஸும் இதில் அடங்காது. அதுக்கு 4 டாலர் தனி. ஆனா போர்டுவாக் வழியா நடந்து போனால் இலவசம்.

பேங்க் கார்டு பயன்படுத்துறவங்க கவனிக்க:

- கிளம்பும் முன்பே பேங்க் ஆப்பில் இன்டர்நேஷனல், கான்டாக்ட்லெஸ் இரண்டையும் ஆன் பண்ணுங்க.
- ஒரு கார்டு ஒருத்தருக்குத்தான். இரண்டு பேர் போனால் இரண்டு கார்டு வேணும்.
- ஏறும்போது தட்டின அதே கார்டை இறங்கும்போதும் தட்டணும். பஸ்ஸில் இறங்கும்போது மறந்தால், அந்த ரூட்டின் கடைசி ஸ்டாப் வரைக்கும் கட்டணம் பிடிச்சிடுவாங்க.

சரி, இதில் எவ்வளவு மிச்சம்? ஒரு டாலர் சுமார் 70 ரூபாய்னு வைத்தால், ஆளுக்கு 320 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். உண்மையான ஓட்டை டாக்ஸி. சாங்கி ஏர்போர்ட்டிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு டாக்ஸியில் போனால் 25 டாலருக்கு மேல ஆகலாம். ரயிலில் எக்ஸ்போ ஸ்டேஷனில் இறங்கி டவுன்டவுன் லைன் மாறினால், இரண்டு டாலர் சொச்சத்தில் போய்ச் சேரலாம். நள்ளிரவுக்குப் பிறகு ரயில் இருக்காது. அதனால ஃப்ளைட் புக் பண்ணும்போதே இறங்கும் நேரத்தைப் பாருங்க. 500 ரூபாய் மலிவுனு நடுராத்திரி ஃப்ளைட் எடுத்து, டாக்ஸிக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் அது சேமிப்பே இல்லை.

கட்டணங்கள் அப்பப்போ மாறும், ஃபார்முலா மாறாது. பாஸ் விலையை ஒரு பயணத்தின் சராசரி கட்டணத்தால் வகுங்க. வரும் எண்ணிக்கையைவிட அதிகமா பயணம் பண்ணுவீங்களா? அப்போ வாங்குங்க. இல்லைன்னா விட்டுடுங்க. ஜிம் மெம்பர்ஷிப்புக்கும் ஓடிடி சப்ஸ்கிரிப்ஷனுக்கும் இதே கணக்குதான்!