கடைசி வண்டி ஏன் வேகமாகப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையிலிருந்து கிளம்புகிற ஏதாவது ஒரு பைக் கூட்டத்தை முதல் டீக்கடையில் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். முன்னால் வந்தவர், "நான் 80-ஐத் தாண்டவே இல்லையே" என்பார். கடைசியில் வந்தவர், "எனக்கு 100-க்குக் கீழ முள்ளு இறங்கவே இல்ல" என்பார். ஒரே சாலை, ஒரே கூட்டம், ஒரே காலை. இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

இது எப்படி சாத்தியம் என்று புரிந்துவிட்டால், குரூப் ரைடு பற்றி கிளப்காரர்கள் சொல்கிற முக்கால்வாசி விதிகள் தானாகவே புரிந்துவிடும். நான் சில வருஷமாக ஒரு சின்ன கிளப்போடு மாதத்துக்கு இரண்டு ஞாயிறு போய் வருகிறேன். எனக்குப் பெரும்பாலும் கிடைப்பது வரிசையின் கடைசி இடம். அதற்கு ஸ்வீப் என்று பெயர். அந்த இடத்திலிருந்து பார்த்ததையும், படித்ததையும், உட்கார்ந்து போட்ட கணக்கையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டோல்கேட் கணக்கு

பெங்களூரு நெடுஞ்சாலையில் 16 வண்டிகள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். டோல்கேட் வருகிறது. நமக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இடது ஓரத்தில் இருக்கிற ஒல்லியான பாதை வழியாக ஒவ்வொருவராகத்தான் நுழைந்து வர முடியும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் 3 வினாடி என்று வைத்தாலும், முதல் வண்டி வெளியே வந்து 45 வினாடி கழித்துத்தான் கடைசி வண்டி வெளியே வரும்.

முன்னால் போகிறவர் வெளியே வந்ததும் வழக்கம்போல 80-ஐப் பிடிக்கிறார். அது வினாடிக்கு 22 மீட்டர். 45 வினாடியில் அவர் கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் போய்விடுவார். வண்டிக்கு வண்டி 1 வினாடி இடைவெளி விட்டுப் போகிற 16 பேர் வரிசையின் நீளம் 80-ல் சுமார் 330 மீட்டர்தான் இருக்கவேண்டும். ஆக, கடைசி ஆளுக்கு 670 மீட்டர் கடன் விழுந்துவிட்டது. அந்தக் கடனை அடைக்க அவர் 100-ல் போனால் 2 நிமிஷம் ஆகும், 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அதற்குள் ஒரு சிக்னலோ, மாட்டுக்கூட்டமோ, சாலையைக் கடக்கிற டிராக்டரோ வந்தால் கடன் மறுபடியும் ஏறும்.

முன்னால் போகிறவர் இதில் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் முள் 80-லேயே இருந்தது. ஆனால் கடைசி ஆளின் முள்ளை 100-க்குத் தள்ளியது அவருடைய அந்த 80-தான்.

இப்போது வேறு மாதிரி செய்து பார்ப்போம். டோல்கேட்டைத் தாண்டியதும் முதல் வண்டி 50-லேயே போகிறது, கடைசி வண்டி கண்ணாடியில் தெரிகிறவரை. கடைசி ஆள் 70-ல் வந்தாலே போதும், ஒண்ணேகால் நிமிஷத்தில் வந்து சேர்ந்துவிடுவார். அந்த ஒண்ணேகால் நிமிஷம் பொறுத்துக்கொண்டால் யாரும் 100-ஐத் தொட வேண்டியதில்லை. 80-ல் போகிற பைக்கை, ரைடர் சுதாரிக்க 1 வினாடி எடுத்துக்கொண்டு, நல்ல காய்ந்த சாலையில் நிறுத்த 60 மீட்டர் சொச்சம் வேண்டும். 100-ல் அது 90 மீட்டர் சொச்சம். இந்த 30 மீட்டரில்தான் ஒருவர் வீடு திரும்புவதும் திரும்பாததும் இருக்கிறது.

ரப்பர் மாதிரி இழுபடுகிற வரிசை

டோல்கேட், சிக்னல் எதுவுமே இல்லாத காலிச் சாலையிலும் இது நடக்கும். முன்னால் இருப்பவர் ஒரு பள்ளத்தைப் பார்த்து லேசாக பிரேக் பிடிக்கிறார். இரண்டாமவர் அதைக் கவனிக்கக் கொஞ்சம் நேரம் ஆகிறது. அதற்குள் இடைவெளி குறைந்துவிட்டதால் அவர் கொஞ்சம் அதிகமாக பிடிக்கிறார். மூன்றாமவர் இன்னும் அதிகமாக. பத்தாவது ஆளுக்கு வரும்போது வண்டியே நின்றுவிடுகிறது. பிறகு முன்னால் எல்லோரும் கிளம்பிப் போய்விட, பத்தாவது ஆள் முறுக்கிக்கொண்டு துரத்துகிறார். துரத்திக் கிட்ட வந்ததும் மறுபடி பிரேக். ரப்பரை இழுத்து விட்டால் நுனி ஆடுகிற மாதிரிதான்.

2008-ல் ஜப்பானில் இயற்பியலாளர் யூகி சுகியாமாவும் குழுவினரும் இதைக் கார்களை வைத்தே செய்து காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்கள். எல்லோரும் சீராக 30 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டும், அவ்வளவுதான். பள்ளம் இல்லை, சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் சில கார்கள் நின்றே போயின, அந்த நெரிசல் ஓர் அலையாகப் பின்பக்கமாக நகர்ந்தது. மனுஷன் சுதாரிக்க எடுத்துக்கொள்கிற அந்தத் துளி தாமதமும், நெருக்கமான வரிசையும் சேர்ந்தாலே போதும்.

பைக் கூட்டத்தில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: தனியாக விடப்பட்டுவிடுவோமோ என்கிற பயம். காரில் போகிறவருக்கு முன்னால் போகிற கார் யாரோ. நமக்கு அது நம்ம ஆள். கண்ணைவிட்டு மறைந்ததும் மனசு பதறும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி 125 சிசி வண்டியில் முதல் தடவையாக ஏலகிரிக்கு வந்திருந்தான். நிதானமாக ஓட்டுகிற பையன். வாணியம்பாடி தாண்டி நெடுஞ்சாலையைவிட்டுத் திரும்பியதும் நடுவில் ஒரு டவுன் பஸ் புகுந்துவிட்டது. பஸ் நின்று கிளம்பிய நேரத்தில் முன்னால் போனவர்கள் மறைந்துவிட்டார்கள். அடுத்த ஊர் வளைவில் அவன் கொஞ்சம் வேகமாகத் திரும்பினான். சாலையில் மணல் கிடந்தது. வண்டி வழுக்கிக் கீழே விழுந்ததில் காரை எலும்பு முறிந்தது. ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் இருந்ததால் அதோடு போயிற்று. பின்னாலேயே வந்துகொண்டிருந்த நான்தான் 108-க்கு போன் செய்தேன். வலியிலும் அவன் சொன்னது: "எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனச்சேண்ணா."

யாரும் அவனை விட்டுவிட்டுப் போயிருக்கவில்லை. அரை கிலோமீட்டர் தள்ளிக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவனுக்கு அது எப்படித் தெரியும்?

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிக்காரர்கள். பொழுதுபோக்குக்காகப் போகிற நாம் அந்தக் கணக்கில் ஒரு எண்ணாகச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு பேச்சும்.

விதிகள் எதற்காக

இனி கிளப் விதிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் "துரத்த வேண்டிய அவசியத்தை" ஒழிக்கத்தான் வந்திருக்கிறது.

ஏறுமாறு வரிசை: முதல் வண்டி லேனின் வலப்பக்கம், இரண்டாவது 1 வினாடி பின்னால் இடப்பக்கம், மூன்றாவது மறுபடி வலப்பக்கம். இப்படிப் போனால் நேர் முன்னால் இருக்கிற வண்டிக்கு 2 வினாடி இடைவெளி கிடைக்கும், வரிசையும் ரொம்ப நீளாது. அளப்பது சுலபம். முன்னால் போகிறவர் ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது "ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரெண்டு" என்று சொல்லுங்கள். முடிப்பதற்குள் நீங்கள் கல்லைத் தாண்டிவிட்டால் நெருக்கமாகப் போகிறீர்கள். மழையிலும் இருட்டிலும் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். மலைப்பாதையில் இந்த வரிசையை அப்படியே கலைத்துவிட்டு ஒற்றை வரிசையாகிவிடவேண்டும். வளைவில் லேனின் முழு அகலமும் ஒவ்வொருவருக்கும் தேவை.

புதியவர் இரண்டாவது இடத்தில்: பலரும் புதியவரைப் பின்னால் போடுவதுதான் மரியாதை, அவருக்கும் பதற்றம் இருக்காது என்று நினைக்கிறார்கள். ரப்பரின் நுனியில் கொண்டுபோய்க் கட்டுகிற வேலை அது. அவர் முன்வண்டிக்கு நேர் பின்னால் இருந்தால், முன்வண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்துத் தன் வேகத்தை அவருக்கு ஏற்ப வைத்துக்கொள்வார். கூட்டத்தின் வேகம் தானாகவே புதியவரின் வேகமாகிவிடும். ஆட்டத்தைத் தாங்கத் தெரிந்த பழைய ஆட்கள்தான் வாலில் இருக்கவேண்டும்.

திருப்பத்தில் ஆள்: என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் உயர்ந்த விதி இது. ஒரு சாலையைவிட்டு இன்னொன்றுக்குத் திரும்புகிற இடத்தில், முன்வண்டிக்காரர் கையைக் காட்டுவார். அவருக்குப் பின்னால் வருகிறவர் அங்கேயே பத்திரமான ஓரத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி நின்றுவிடுவார். எல்லோரும் திரும்பிப் போன பிறகு, ஸ்வீப் வரும்போது அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். இரண்டாவது இடத்தில் புதியவர் இருந்தால் மூன்றாவது ஆள் நிற்பார். இதில் என்ன லாபம்? முன்னால் யாரையுமே பார்க்க முடியாவிட்டாலும் கவலையில்லை. ஆள் நிற்காத இடத்தில் நேராகப் போ, ஆள் நிற்கிற இடத்தில் திரும்பு. எவ்வளவு மெதுவாக வந்தாலும் வழி தவறாது. அந்தத் தம்பி விழுந்த பிறகு எங்கள் கிளப்பில் இது கட்டாயமாகிவிட்டது.

ஸ்வீப்: இவர் யாரையும் முந்தமாட்டார். யாராவது நின்றால் இவரும் நிற்பார். பஞ்சர் கிட், முதலுதவிப் பை எல்லாம் இவரிடம்தான். வேலையே இல்லாத வேலை மாதிரித் தெரியும். ஆனால் பின்னால் ஒருவர் கட்டாயம் இருக்கிறார் என்கிற நம்பிக்கையில்தான் முன்னால் போகிறவர்கள் நிம்மதியாக ஓட்டுகிறார்கள்.

சிறு குழுக்கள்: 16 பேர் வந்தால் ஐந்தைந்து, ஆறாறாகப் பிரித்துவிடுவது நல்லது. வரிசை நீள நீள ஆட்டமும் கூடும். சின்னக் குழு ஒரே சிக்னலில் ஒன்றாகத் தாண்டிவிடும். பின்னால் வருகிற காரும் பஸ்ஸும் நம்மை முந்தவும் இடம் இருக்கும். சாலை நம் கிளப்புக்காகப் போட்டது கிடையாது.

முந்துவது தனித்தனியாக: முன்னால் போனவர் லாரியை முந்தினார் என்றால், அவருக்கு அந்த நேரத்தில் வழி இருந்தது. அவ்வளவுதான். நாம் போகும்போது எதிரே என்ன வருகிறது என்று நாமே பார்த்துத்தான் போகவேண்டும். முந்தியவரும் உடனே வேகத்தைக் குறைத்துவிடாமல், பின்னால் வருகிறவர் வந்து புக இடம்விட்டுக் கொஞ்சம் முன்னே போகவேண்டும்.

மலையில் மட்டும்

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இரண்டிலும் நம் ஆட்கள் செய்கிற ஒரே தவறு, முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு வளைவது. கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். முன்னால் போகிறவர் ஓரத்துக்குப் போனால் நாமும் ஓரத்துக்குப் போவோம். வளைவு முடிகிற இடத்தைப் பார்க்கவேண்டும் என்றால் முன்வண்டி கண்ணை மறைக்காத தூரத்தில் இருக்கவேண்டும். அதனால் அடிவாரத்தில் நின்று, அரை நிமிஷத்துக்கு ஒருவராக அனுப்பிவிடுவது உத்தமம். மேலே போய்ச் சேர்ந்துகொள்ளலாம். மலையில் வேறு திருப்பமும் கிடையாது, எங்கே தொலையப்போகிறோம்? இறங்கும்போது, ஏறிவருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பதையும் மறக்கக் கூடாது. கொண்டை ஊசியில் பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். வேறு வழி அதற்குக் கிடையாது.

சேர்வதற்கு முன் கேளுங்கள்

ரைடு போக ஆசையாக இருக்கிறது, எந்த கிளப்பில் சேரலாம் என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. வண்டி எத்தனை சிசி, ஜாக்கெட் என்ன பிராண்டு என்பதெல்லாம் அப்புறம். கிளம்புகிற இடத்துக்கு ஒருநாள் நேரில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வழியில நான் பின்தங்கிட்டா என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பிரச்சினையில்ல, கொஞ்சம் முறுக்கி வந்து சேர்ந்துக்குங்க" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு டிபன் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். "நீங்க உங்க வேகத்துலயே வாங்க, திரும்புற இடத்துல ஆள் நிப்பாங்க" என்று சொன்னால், அடுத்த ஞாயிறு தாராளமாக அவர்களோடு கிளம்பலாம்.