கல்லாப் பணமும் வரிக் கணக்கும்

பில் புத்தகம், சரக்கு இருப்புப் பதிவேடு, செலவுச் சீட்டுகள் எதையும் முறையாக வைத்திராத சிறு வியாபாரியிடம் லாபம் எவ்வளவு என்று கேட்டால் துல்லியமான பதில் வராது. அதைத் துருவிக் கண்டுபிடிக்க வரித்துறை செலவழிக்கும் உழைப்புக்கு ஈடான வரியும் கிடைக்காது. இந்த இரு தரப்புச் சிரமத்துக்கும் இந்திய வருமான வரிச் சட்டம் கண்ட வழிதான் அனுமான வரிமுறை. விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. வியாபாரி அந்தத் தொகையை வருமானமாகக் காட்டி, அதற்குரிய வரியைக் கட்டினால் போதும். கணக்குப் புத்தகங்களோ தணிக்கையோ தேவையில்லை.

1990களில் இந்த முறை கட்டட ஒப்பந்ததாரர், லாரி உரிமையாளர், சில்லறை வியாபாரி எனத் தொழிலுக்கு ஒரு பிரிவாகத்தான் வந்தது. பின்னர் ஏறக்குறைய எல்லாச் சிறு தொழில்களுக்கும் பொதுவாக 44ஏடி என்ற பிரிவு விரிவாக்கப்பட்டது. அதன் ஆண்டு விற்பனை வரம்பு 2016-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 2 கோடி ரூபாயாக உயர்ந்தது. ரொக்கமாக வரும் பணம் மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு 2023-ஆம் ஆண்டு பட்ஜெட் அந்த வரம்பை 3 கோடியாக்கியது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. சிறு தொழில், தொழில்முறையாளர், லாரி எனத் தனித்தனியாக இருந்த மூன்று பிரிவுகள் அதில் 58-ஆம் பிரிவாக ஒன்றுசேர்ந்துள்ளன.

கணக்கு எளிமையானது. ரொக்கமாக வந்த விற்பனைக்கு 8 சதவீதமும், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்த விற்பனைக்கு 6 சதவீதமும் லாபமாகக் கொள்ளப்படும். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் விற்பனை உள்ள மளிகைக் கடை ஒன்றில் 90 லட்சம் வங்கி வழியாகவும் 60 லட்சம் ரொக்கமாகவும் வந்தால், முதல் பகுதிக்கு 5.40 லட்சம், இரண்டாம் பகுதிக்கு 4.80 லட்சம், ஆக மொத்தம் 10.20 லட்சம் ரூபாய் வருமானம். முழு விற்பனையும் வங்கி வழியே வந்திருந்தால் அதே கடையின் வருமானம் 9 லட்சம்தான். கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம், வரி அறிக்கை தாக்கல் செய்யக் கெடு முடிவதற்குள் வங்கிக்கு வந்துவிட்டால் அதற்கும் 6 சதவீதமே பொருந்தும். பலர் கவனிக்காமல் விடும் சலுகை இது.

மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர் போன்ற தொழில்முறையாளர்களுக்கு விகிதம் வேறு. ஆண்டு வரவில் பாதி வருமானமாகக் கொள்ளப்படும். வரம்பு 50 லட்சம். ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். தரகு, கமிஷன், ஏஜென்சி வருமானம் உள்ளவர்களுக்கு விற்பனை அடிப்படையிலான முறை பொருந்தாது. காப்பீட்டு முகவர்கள் இங்குதான் தவறிவிடுகிறார்கள்.

நாமக்கல் வட்டாரத்துக்கு நன்கு பழக்கமான லாரித் தொழிலில் வாடகை வரவைச் சட்டம் பார்ப்பதே இல்லை, வண்டியைத்தான் பார்க்கிறது. பத்து சரக்கு வண்டிகளுக்கு மேல் இல்லாதவர் இந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். மொத்த எடை 12 டன்னைத் தாண்டும் வண்டிக்கு, டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். மற்ற வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய். 28 டன் லாரி ஒன்று வைத்திருப்பவரின் ஆண்டு வருமானம் 3.36 லட்சம் ரூபாயாகக் கொள்ளப்படும். லோடு கிடைக்காமல் வண்டி நின்ற மாதமும் கணக்கில் சேரும். ஓட்டமில்லாத ஆண்டில் இந்த முறை கைகொடுக்காது. அப்போது கணக்கு எழுதி, உண்மையான நிலையைக் காட்டுவதே நல்லது.

அனுமான முறையில் நுழைந்தவர் சில உரிமைகளை விட்டுக்கொடுக்கிறார். கடை வாடகை, ஆள் சம்பளம், கடன் வட்டி, தேய்மானம் எல்லாம் அந்த 8 அல்லது 6 சதவீதத்தைத் தாண்டிய மீதியில் அடங்கிவிட்டதாகச் சட்டம் கருதுகிறது. கூட்டு நிறுவனம் தன் பங்காளிகளுக்குத் தரும் சம்பளத்தையும் வட்டியையும்கூடத் தனியாகக் கழிக்க முடியாது. பண்டிகைக்காலத்தில் பெரிய நஷ்டம் வந்தாலும் அதை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக வழியில்லை. ஓர் ஆண்டு இதில் இருந்துவிட்டு, அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் ஏதோ ஓர் ஆண்டில் குறைந்த லாபம் காட்டி வெளியேறும் வியாபாரி, அதற்குப் பின் ஐந்தாண்டுகள் திரும்பி வர முடியாது. அந்த ஆண்டுகளில் வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம்.

இந்த முறையில் பலர் செய்யும் பெரிய தவறு, அந்தச் சதவீதத்தையே உச்ச வரம்பு என்று எண்ணுவது. அது கீழ் வரம்பு மட்டுமே. கடையில் 15 சதவீதம் நிற்கும்போது 8 சதவீதம் மட்டும் காட்டிவிட்டு, மனை வாங்கிப் பத்திரம் பதிவு செய்யும்போது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். பெரிய தொகைக்கான பத்திரப் பதிவு, வங்கி வைப்பு, பரஸ்பர நிதி முதலீடு எல்லாம் இன்று நிரந்தரக் கணக்கு எண்ணோடு இணைந்து வரித்துறைக்குப் போகின்றன. அந்தப் பட்டியலை வரி செலுத்துபவரே இணையத்தில் பார்க்கலாம். அறிக்கை தாக்கல் செய்யும் முன் பார்ப்பதும் அவசியம். கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது மேசையில் முதலில் வைக்கச் சொல்வதும் கடந்த இரண்டு மூன்று ஆண்டு வரி அறிக்கைகளைத்தான். வருமானத்தைக் குறைத்துக் காட்டியே பழகியவருக்கு அந்த மேசையில் கிடைக்கும் கடனும் குறைவு. அதன் பிறகு அவர் போவது தண்டல்காரரிடமும் மீட்டர் வட்டிக்காரரிடமும். வரியில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கை அங்கே வட்டியாகக் கொடுக்கிறார்.

அதுவும் இன்றைய விகிதத்தில் பெரும்பாலான சிறு வியாபாரிகளுக்குக் குறைத்துக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. 2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டுக்குப் பின் புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என விகிதம் ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் ஆகிறது. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி மூலம் முழு வரியும் கழிந்துவிடும். மேலே சொன்ன மளிகைக் கடைக்காரரின் 10.20 லட்சத்துக்கு வரி பூஜ்யம். அவரே பழைய முறையில் சேமிப்புக்காக ஒன்றரை லட்சத்தைக் கழித்துக்கொண்டாலும், மேல்வரியோடு சேர்த்து ஏறக்குறைய 90,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். வரிக்காக என்று மார்ச் மாதக் கடைசியில் அவசர அவசரமாகக் காப்பீட்டுப் பாலிசி வாங்கும் பழக்கம் இப்போது பலருக்கு வெறும் செலவாகிவிட்டது. பெரிய வீட்டுக்கடன் வட்டியும் மற்றக் கழிவுகளும் உள்ள சிலருக்கு மட்டும் பழைய முறை இன்னும் லாபகரமாக இருக்கலாம். ஆனால் சம்பளக்காரரைப் போல ஆண்டுதோறும் மாறி மாறித் தேர்ந்தெடுக்கும் வசதி தொழில் வருமானம் உள்ளவருக்குக் கிடையாது. தனிப் படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போனால், புதியதற்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு.

வருமான வரிக்கு வேண்டாத கணக்கு ஜிஎஸ்டிக்கு வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பவருக்கு இந்த வரம்பும் கிடையாது. ஒன்றரைக் கோடிக்குள் விற்கும் கடைக்காரர் இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்து, விற்பனையில் 1 சதவீதம் மட்டும் கட்டலாம். உணவகத்துக்கு அது 5 சதவீதம். இந்த வரியை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது, வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பவும் கூடாது. வாங்குபவருக்கு உள்ளீட்டு வரி வரவும் கிடைக்காது. அதனால் தெருமுனை மளிகைக் கடைக்குப் பொருந்தும் திட்டம், நிறுவனங்களுக்குச் சரக்கு தரும் சிறு பட்டறைக்குப் பொருந்தாது.

2025 ஜூலையில் பெங்களூரில் நடந்ததைச் சிறு வியாபாரிகள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். யுபிஐ வரவுத் தகவல்களை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பயந்துபோன பல கடைக்காரர்கள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். நோட்டீஸ் பெற்றவர்களில் வரியே இல்லாத காய்கறியும் பாலும் விற்றவர்களும் இருந்தார்கள். அவர்கள்மீது விழுந்த அச்சம் தேவையற்றது, வருத்தத்துக்குரியது. ஆனால் கியூஆர் அட்டையைக் கழற்றுவது தீர்வாகாது. வருமான வரியில் 6 சதவீதத்துக்குப் பதில் 8 சதவீதமாக அதுவே திரும்பி வரும். சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. வரியுள்ள சரக்கு, வரியில்லாச் சரக்கு, தம்பி அனுப்பிய பணம், சீட்டு எடுத்த தொகை, நண்பரிடம் வாங்கிய கடன் எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் வந்து விழும்போது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அத்தனையும் விற்பனையாகவே தெரிகிறது. காய்கறியோடு குளிர்பானமும் விற்கும் கடைக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு: 40 லட்சம் வரம்பைக் கணக்கிடும்போது வரியில்லாச் சரக்கின் விற்பனையும் சேரும். காய்கறி மட்டுமே விற்பவருக்குத்தான் பதிவு வேண்டியதில்லை.

ஆகவே சிறு தொழிலின் நிதித் திட்டம் எந்த முதலீட்டிலும் தொடங்குவதில்லை, இரண்டு வங்கிக் கணக்குகளில் தொடங்குகிறது. கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. கியூஆர் அட்டை கடைக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வேண்டியதை மாதம் ஒருமுறை, ஒரே தொகையாக, முதலாளியின் சம்பளம் போல எடுத்துக்கொள்வது நல்லது. கல்லாவிலிருந்து பால்காரருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அவ்வப்போது எடுத்துக் கொடுக்கும் வீட்டில், கடை லாபத்தில் ஓடுகிறதா, முதலைத் தின்று ஓடுகிறதா என்பது வருடக்கணக்கில் தெரியாமலே போகும். வரித்துறை கேட்கவில்லை என்பதற்காக நாள்வழிக் குறிப்பை விட்டுவிடுவதில் இழப்பு வியாபாரிக்குத்தான்.

ரொக்கத்துக்குச் சட்டம் போட்டிருக்கும் வேலிகளும் நினைவிலிருக்க வேண்டும். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கைமாற்று வாங்குவதும், அப்படித் திருப்பித் தருவதும் தடை செய்யப்பட்டவை. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறவும் கூடாது. நல்லெண்ணத்தில் தோள்கொடுக்கும் நண்பரின் உதவியும் வங்கி வழியாக வந்தால்தான் பிற்பாடு இருவருக்கும் தொல்லை இல்லை.

லாரித் தொழில் தவிர மற்ற தொழில்களில் அனுமான முறையில் இருப்பவருக்கு முன்வரித் தவணை ஒன்றுதான்: ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டும் என்றால் மார்ச் 15-க்குள் முழுவதும் கட்ட வேண்டும். தவறினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. ஒவ்வொரு மாதமும் விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தனியே ஒதுக்கி வைப்பவருக்கு அந்தத் தேதி சுமையாக வருவதில்லை. கையிருப்புப் பணம் பற்றிப் பேசும்போது திருப்பூர் போன்ற ஊர்களின் ஜாப்வொர்க் பட்டறைகளை மறக்க முடியாது. அவர்களின் பணம் பெரிய நிறுவனங்களிடம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தந்தாக வேண்டும். 2023 ஏப்ரல் முதல், கெடு தாண்டிய பாக்கியை வாங்கியவர் கொடுத்துத் தீர்க்கும் ஆண்டில்தான் தன் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். பட்டறைக்காரர் தன் உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டு வைத்தால், கெடு இருக்கிறது என்பது பணம் தர வேண்டியவரின் கணக்குப் பிரிவுக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

கடைசியாக, குடும்பத்தின் பாதுகாப்பு. தனி உரிமையாளர் தொழிலில் கடைக்கும் முதலாளிக்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு கிடையாது. கடை பட்ட கடனுக்கு வீடும் நகையும் வைப்புத்தொகையும் பொறுப்பாகும். இதிலிருந்து விலகி நிற்கும் சில இடங்கள் உண்டு. பொது வருங்கால வைப்பு நிதியான பிபிஎஃப் கணக்கில் உள்ள பணத்தைக் கடன்காரருக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை அதில் போடலாம். வட்டிக்கு வரியில்லை, கால அளவு 15 ஆண்டுகள். இன்னொன்று 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். திருமணமான ஆண் தன் உயிர்மீது எடுக்கும் காப்பீட்டை அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்கீழ் மனைவி, பிள்ளைகள் பெயருக்கு எழுதி வைத்தால், அது அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிவிடும். தொழில் கடனுக்காக யாரும் அதில் கைவைக்க முடியாது. முதிர்வுத் தொகை தரும் பாலிசியைவிட, குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்குக் கிடைக்கும் டெர்ம் காப்பீடே இதற்கு ஏற்றது. இதற்கான கூடுதல் படிவத்தைப் பாலிசி எடுக்கும்போதே நிரப்பிக் கொடுக்க வேண்டும். பாலிசி கைக்கு வந்த பிறகு சேர்க்க முடியாது.