மாரடைப்பும் தாதியர் பணியும்

இதயம் உடலெங்கும் குருதியைச் செலுத்தும் உறுப்பாயினும், தன் அறைகளில் நிறைந்திருக்கும் குருதியைக் கொண்டே தன்னைப் பேணிக்கொள்ள வல்லதன்று. பெருநாடியின் அடியிற் பிரிந்து, முடிபோல இதயத்தைச் சூழ்ந்து கிளைக்கும் முடியுரு நாடிகளே அதன் தசையை ஊட்டுவன. அந்நாடிகளின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்குதல் முடியுரு நாடி நோய் எனப்படும். ஒடுங்கிய நாடி, உடல் உழைக்கும் வேளையில் வேண்டிய குருதியைக் கொடுக்க மாட்டாதாகவே நெஞ்சில் வலி தோன்றும். ஓய்ந்திருப்பின் அது மறையும். படிவு வெடித்து, அவ்விடத்திற் குருதி உறைந்து வழியை முற்றாக அடைக்குமாயின், ஓய்வினாலும் வலி மறையாது. அந்நாடியை நம்பியிருந்த தசை இறக்கத் தொடங்கும். இதுவே மாரடைப்பு.

உயிரோடிருக்கும் நோயாளியிடத்து இந்நோயை அறிந்துகொள்ளும் வகையை ஜேம்ஸ் ஹெரிக் என்னும் அமெரிக்க வைத்தியர் 1912ஆம் ஆண்டில் விளக்கினார். அதன்பின் நெடுங்காலம் அதற்குரிய சிகிச்சை ஓய்வு ஒன்றாகவே இருந்தது. அவ்வோய்வும் எளியதன்று. வாரக்கணக்காக நோயாளி அசையாது கிடத்தல் வேண்டும். தானே புரண்டு படுத்தலும் தன் கையால் உண்ணுதலுங்கூடத் தடுக்கப்பட்டிருந்தன. தாதியரே அவருக்கு உணவூட்டினர், உடம்பு துடைத்தனர். அன்பு மிகுந்த பணிதான். ஆயினும் அசைவற்ற கால்களின் நாளங்களிற் குருதி உறைந்து, அவ்வுறைவு நுரையீரலைச் சென்றடைந்ததனால் மாண்டவர் பலர். காக்கக் கருதிய படுக்கையே சிலருக்குக் கூற்றாயிற்று.

இவ்வழக்கத்தை அசைத்தவர் பொஸ்ரன் நகரத்துச் சாமுவேல் லெவைனும் அவர்தம் மாணவர் பேர்னாட் லவுனுமாவர். நோயாளரைத் தொடக்க நாள்களிலேயே சாய்வு நாற்காலியில் இருத்தும் முறையை அவர்கள் 1952இல் வெளியிட்டனர். கால்கள் தாழ்ந்திருக்கும்போது இதயத்துக்கு மீளுங் குருதியின் அளவு குறைந்து, அதன் சுமையும் குறைகின்றது என்பது அவர்தம் கருத்து. தொடக்கத்தில் இம்முறைக்குப் பலத்த எதிர்ப்பு எழுந்ததெனப் பிற்காலத்தில் லவுன் எழுதியுள்ளார். தாதியர் பணியோடு நெருங்கிய மற்றொரு செய்தியும் ஈண்டு நினைத்தற்குரியது. படுக்கையிற் கிடந்தபடியே கலத்தில் மலங்கழித்தல், கட்டிலருகே இருக்கையில் அமர்ந்து கழித்தலினும் உடலை மிகுதியாக வருத்துவது. முக்குதலும் இதயத்துக்குக் கேடே. ஆதலின் மலச்சிக்கல் நேராது காத்தல் சிறு பணியென்று தள்ளத்தக்கதன்று.

ஓய்வினாற் காக்கவியலாத மரணமும் ஒன்றுண்டு. நோய் தொடங்கிய முதற் சில மணி நேரத்தில், இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து வெறுமனே நடுங்கும். குருதியோட்டம் அக்கணமே நின்றுவிடும். சில நிமிடங்களில் மூளையும் அழியத் தொடங்கும். மார்பின்மீது மின்னதிர்ச்சி கொடுத்து இந்நடுக்கத்தை நிறுத்தலாமெனப் போல் சோல் 1956இற் காட்டினார். மார்பைத் திறவாது கைகளால் அழுத்தியே குருதியோட்டத்தைத் தக்கவைக்கலாமெனக் கூவன்ஹோவன், யூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவரும் 1960இல் அறிவித்தனர். வழி தெரிந்துவிட்டது, ஆனால் நோயாளரோ பொது விடுதிகளிற் சிதறிக் கிடந்தனர். ஒருவரது துடிப்பு நின்றதைக் கண்டு, வைத்தியருக்கு ஆளனுப்பி, அவர் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிடும்.

ஆதலின் இத்தகைய நோயாளரை ஓரிடத்திற் கூட்டி, இடையறாது இதய மின்வரைபைக் கண்காணித்தல் வேண்டுமென டெஸ்மண்ட் யூலியன் 1961இல் எழுதினார். கன்சாஸ் நகரில் ஹியூஸ் டே 1962இல் அத்தகைய பிரிவொன்றை அமைத்தார். பிலடெல்பியாவில் லோரன்ஸ் மெல்ற்சர் ஒரு படி மேலே சென்றார். திரையிற் கேட்டைக் காணும் தாதியே வைத்தியருக்குக் காத்திராது மின்னதிர்ச்சி கொடுக்கலாமென்பது அவர் வகுத்த முறை. அங்கே தாதியரைப் பயிற்றிய றோஸ் பினியோ என்னும் அம்மையார், மெல்ற்சர் முதலியோருடன் இணைந்து 1965இல் தாதியர்க்கெனக் கைந்நூலொன்றையும் வெளியிட்டார். மருத்துவ வரலாறு பேசுவோர் கருவியைப் புகழ்வர். அக்கருவி பயன் தந்தது, கட்டிலருகே நிற்பவரின் கையில் அதனை ஒப்படைத்த பின்னரேயாம்.

இன்று சிகிச்சை பெரிதும் மாறியுள்ளது. 17,187 நோயாளரைக் கொண்ட ஆய்வொன்று, அஸ்பிரின் கொடுப்பதால் ஐந்து வாரத்துள் நேரும் இதய, குருதிக்குழாய் மரணங்கள் ஐந்திலொரு பங்குக்கு மேற் குறைவதை 1988இல் நிறுவியது. அடைபட்ட நாடியை நுண்குழாய் செலுத்தித் திறத்தலே வசதியுள்ள இடங்களில் முதற் சிகிச்சை. எல்லார்க்கும் ஒட்சிசன் கொடுத்த பழைய வழக்கமும் நீங்கிற்று. குருதியில் ஒட்சிசன் போதியளவு உள்ளவர்க்கு அது பயன்றராதென 2017இல் சுவீடன் நாட்டு ஆய்வொன்று காட்டியது.

ஆயினும் முதலிற் காண்பவர் இன்றும் தாதியரே. நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துள் மின்வரைபு எடுத்தல் வேண்டும். வாய்வென்று எண்ணி இஞ்சிச் சாறும் சோடாவும் அருந்திக் காலம் போக்கியே பலர் வருகின்றனர். நீரிழிவாளர், முதியோர், பெண்கள் ஆகியோரிற் சிலருக்கு நெஞ்சுவலியே இராது. வியர்வை, மூச்சுத்திணறல், தாடைநோவு, சோர்வு என்பனவே தோன்றும். இவர்களை வரிசையிற் காத்திருக்க விடாமை தாதியரின் மதிநுட்பத்தைப் பொறுத்தது. வலிநீக்க மருந்து கொடுத்தபின் மூச்சின் எண்ணிக்கையையும், நாடி திறந்தபின் மணிக்கட்டிலோ தொடையடியிலோ உள்ள துளையிற் குருதி கசிகின்றதாவென்பதையும் நோக்குதல் வேண்டும். சிறுநீர் குறைந்து, கைகால் குளிர்ந்து, குருதியமுக்கம் தாழுமாயின் இதயம் தளர்கின்றதென்பது பொருள்; உடனே அறிவித்தல் வேண்டும்.

அச்சமும் இதயத்தை விரைவுபடுத்தும். நோயாளியைச் சென்று காணாமை உறவுக்குக் குறையென எண்ணும் சமுதாயத்திற் கட்டிலைச் சூழும் கூட்டத்தைக் கடுஞ்சொல்லின்றி விலக்குதல் அரிய கலை. நோயாளி கேட்க, அவர் நிலையை மறைபொருளாகப் பேசுதல் அதனினும் தீது.

வீடு திரும்பும் நாளில் மற்றுமோர் இடர் உண்டு. நலம் வந்துவிட்டதென்று மாத்திரைகளைத் தாமே நிறுத்துவோர் பலர். நாடியினுள் உலோக வலைக்குழாய் வைக்கப்பட்டவர், குருதியுறைவைத் தடுக்கும் மருந்தை அவ்வாறு நிறுத்தின், அக்குழாயே திடீரென அடைபடலாம். நாவின்கீழ் வைக்கும் மாத்திரையை நின்றபடி உபயோகித்து மயங்கி விழுவோரும் உளர். இருந்தே அதனை உபயோகித்தல் வேண்டும், ஐந்து நிமிடத்துள் வலி தணியாதாயின் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். இவற்றைத் தாதியர் நோயாளியிடம் மட்டுமன்றி, வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவரிடமும் சொல்லி, அவர் வாயாலே திருப்பிச் சொல்லுமாறு கேட்டபின்னரே விடைகொடுப்பர்.