சராசரிக்கு எட்டாத அகளி

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், ஒரு வயது நிறைவதற்குள் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன? ஒரு நாட்டின் நலத்தை ஒரே எண்ணில் சொல்லுங்கள் என்றால், மக்கள்தொகை அறிஞர்கள் பலரும் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள். தாயின் சாப்பாடு, வீட்டுக்கு வரும் தண்ணீர், பெண்ணின் படிப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை எல்லாமே இந்த ஓர் எண்ணில் வந்து சேர்கின்றன. 2013இல் இந்தியாவின் குழந்தை இறப்பு விகிதம் 40. கேரளத்தின் விகிதம் 12.

அதே 2013இல், பாலக்காடு மாவட்டம் அகளியைச் சுற்றியுள்ள பழங்குடி ஊர்களில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். தாய்மாருக்குக் கடுமையான ரத்தசோகை. பிறந்த குழந்தைகளில் பலருக்கு எடை போதவில்லை. நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட மாநிலத்துக்குள்தான் இது நடந்தது. கேரளத்தின் 12 பொய்யான எண் அல்ல. முறையாக எடுக்கப்பட்ட உண்மையான எண். அப்படியிருந்தும் அகளி அதில் ஏன் தெரியவில்லை?

பணத்தைத் தாண்டிய அளவுகள்

ஒரு நாட்டின் வருமானத்தை மட்டும் வைத்து அதன் மக்களின் நலத்தை ஊகிக்க முடியாது என்று 1934இலேயே எச்சரித்தவர் சைமன் குஸ்நெட்ஸ். தேசிய வருமானக் கணக்கை உருவாக்கியவர்களில் முதன்மையானவரும் அவரே. மாற்று அளவு ஒன்று பரவலாகப் பேசப்பட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எழுத்தறிவு, குழந்தை இறப்பு, ஒரு வயதைக் கடந்தவர்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து, 1979இல் மோரிஸ் டேவிட் மோரிஸ் வாழ்க்கைத் தரக் குறியீடு ஒன்றை அமைத்தார். அந்த அளவில் பார்த்தபோது, தன்னைவிடப் பல மடங்கு பணம் படைத்த நாடுகளை இலங்கை முந்தி நின்றது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் ஐ.நா.வுக்காகத் தயாரித்த அறிக்கை கேரளத்தை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்திருந்தது. வருமானம் குறைவாக இருந்தும் ஆயுளும் படிப்பும் உயர்ந்திருந்த மாநிலம் அது. 'கேரள மாதிரி' என்ற பேச்சுக்கு அந்த அறிக்கைதான் வித்து.

1990இல் பாகிஸ்தான் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்திய சென்னின் துணையோடு மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தார். ஆயுள், கல்வி, வருமானம் என மூன்று கூறுகள் அதில் உண்டு. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைத்திருக்கிறார்கள். ஆயுளுக்கு 20 முதல் 85 வயது வரை. 2023இல் இந்தியரின் ஆயுள் எதிர்பார்ப்பு 72. கீழ் எல்லையான 20ஐக் கழித்தால் 52. இரண்டு எல்லைகளுக்கும் இடைவெளி 65. 52ஐ 65ஆல் வகுத்தால் 0.8. இதுவே ஆயுளுக்கு நமக்குக் கிடைக்கும் மதிப்பெண். மற்ற இரண்டுக்கும் இப்படியே கணக்கிட்டு மூன்றையும் இணைக்கும்போது இந்தியாவுக்கு 0.685 கிடைக்கிறது.

2010 வரை மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். ஒன்றில் சறுக்கினாலும் இன்னொன்றில் ஈடுகட்டிவிடலாம் என்ற குறை அதில் இருந்தது. இப்போது மூன்றையும் பெருக்கிக் கனமூலம் காண்கிறார்கள். 0.9, 0.9, 0.3 என்ற மதிப்பெண்களுக்குப் பழைய முறையில் 0.7 வரும், புதிய முறையில் 0.62 தான். கூறுகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வு இப்படிக் கணக்குக்குள் வந்தது. மனிதர்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்க்கும் குறியீடும் அதே ஆண்டில் வந்தது. அதன்படி இந்தியாவின் 0.685, 0.475ஆக இறங்குகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது.

12.06 என்ற எண்

இந்தியாவில் குழந்தை இறப்பு விகிதத்தைத் தருவது மாதிரிப் பதிவு முறை. தேர்ந்தெடுத்த ஊர்களில், உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பையும் இறப்பையும் ஆண்டு முழுவதும் குறித்துவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் தனியாக வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மறுபடியும் நேரில் விசாரிப்பார்கள். நம்பகமான முறைதான். ஆனால் ஒரு மாநிலத்தின் நிலையைச் சொல்லவே இந்த மாதிரி போதும். ஒரு வட்டாரத்துக்கென்று தனி எண்ணை அதிலிருந்து எடுக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 5 லட்சம் குழந்தைகள் பிறக்கும் மாநிலத்தில் ஒரு மலைவட்டாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே பிறப்பு 600. மாநில விகிதமான 12 அங்கும் நிலவினால் 7 குழந்தைகள் இறப்பார்கள். அதுவே ஐந்து மடங்காகி 60 ஆனால் 36 குழந்தைகள் இறப்பார்கள். கூடுதலாக 29 வீடுகளில் சாவு விழுந்திருக்கும். மாநில விகிதமோ 12இலிருந்து 12.06 ஆகும். அச்சிடும்போது அதையும் 12 என்றே அச்சிடுவார்கள்.

கேரள மாதிரிக்கு வெளியே விடுபட்டவர்களைப் பற்றிப் பொருளியல் அறிஞர் ஜான் குரியன் 1995லேயே எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது கடலோர மீனவர்களை. மலையில் அதே நிலையில் இருந்தவர்கள் அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர். கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகப் போனால் மாநில எல்லையைத் தாண்டியதுமே அட்டப்பாடி தொடங்கிவிடும். பவானியும் சிறுவாணியும் ஓடும் 745 சதுர கிலோமீட்டர். அகளி, புதூர், சோலையூர் ஆகியவை அதன் ஊராட்சிகள். ஆனைகட்டியின் இந்தப் பக்கமும் இருளர்களே வாழ்கிறார்கள். உறவுக்காரர்களான இவர்களில் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டின் சராசரியிலும் இன்னொரு பகுதியினர் கேரளத்தின் சராசரியிலும் கரைந்துபோகிறார்கள்.

நாடாவும் நிலமும்

2013க்குப் பிறகு ஊர்தோறும் சமுதாய சமையற்கூடங்கள் வந்தன. கேரள அரசின் மகளிர் சுயஉதவி இயக்கமான குடும்பஸ்ரீயின் பெண்கள் அவற்றை நடத்தினார்கள். குழந்தைகளின் மேல்கையைச் சுற்றி நாடா வைத்து அளக்கும் எளிய முறை இங்கே பெரிதும் பயன்படுகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைச்சுற்று 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நாடா சிவப்பைக் காட்டும், 12.5 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. தராசு தேவையில்லை, வயதுச் சான்றும் தேவையில்லை. எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு இன்றே சிகிச்சை வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். நாட்டுக்கு நாடு ஒப்பிடும் குறியீடு எதுவும் இதைச் சொல்லாது.

நாடாவாலும் அளக்க முடியாதது ஒன்று உண்டு. 1951இல் அட்டப்பாடியில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர் பழங்குடியினர்; இன்று பாதிக்கும் குறைவு. வெளியிலிருந்து குடியேறியவர்கள் பெருகப் பெருக நிலம் கைமாறியது. பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975இல் கேரளம் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்தாமலே ஆண்டுகள் கடந்தன. ராகி, சாமை, துவரை, அவரை, கீரை என்று காட்டில் பலவற்றைக் கலந்து விதைத்த மக்களின் தட்டுக்கு ரேஷன் அரிசி வந்து சேர்ந்தது. தாயின் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்ததற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு உண்டு. 2017க்குப் பிறகு சிறுதானியக் கிராமத் திட்டத்தின்கீழ் அந்தப் பயிர்களை மீண்டும் விதைக்கிறார்கள். ஆனால் நிலம் யாரிடம் இருக்கிறது, அதில் என்ன விளைகிறது என்ற கேள்விகளுக்கு மனித வளர்ச்சிக் குறியீட்டில் இடமே இல்லை. பூட்டானின் ஒட்டுமொத்த மகிழ்ச்சிக் குறியீடு பண்பாடு, சூழல், நேரப் பயன்பாடு உட்பட ஒன்பது துறைகளைக் கணக்கில் கொள்கிறது. எதை அளப்பது என்பதை அந்தந்த மக்களின் வாழ்க்கையிலிருந்து எடுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

நிதி ஆயோக்கின் 2023 அறிக்கைப்படி, கேரளத்தில் பன்முக வறுமையில் இருப்பவர்கள் 0.55 சதவீதம். நாட்டிலேயே மிகக் குறைவு. 2023இன் குழந்தை இறப்பு விகிதம் 5. இரண்டுமே பெருமைக்குரியவை. மீதமிருக்கும் வறுமை யாரிடம் தங்கியிருக்கிறது என்று தேட வேண்டிய கட்டம் இது. அதற்கு மூன்று காரியங்கள் போதும். முதலாவது, பழங்குடி வட்டாரங்களில் பிறப்பு, இறப்புகளை மாதிரியாக அல்லாமல் முழுமையாகப் பதிந்து, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டாவது, சிறிய எண்கள் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும் என்பதால் ஐந்தாண்டு விகிதத்தையும் சேர்த்துத் தர வேண்டும். மூன்றாவது, நிலமும் விளைச்சலும் உட்பட எவற்றையெல்லாம் அளப்பது என்பதைப் பழங்குடியினரின் ஊர் அவையான ஊருக்கூட்டமே முடிவுசெய்ய வேண்டும். தமிழ்நாட்டு மலைகளுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். மாநிலத்தின் எண் எந்தச் செய்தியில் வந்தாலும், அதன் பக்கத்திலேயே அட்டப்பாடியின் எண்ணும் அச்சாகட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி எவ்வளவு குறைகிறதோ, அதை மட்டுமே வளர்ச்சி என்று எண்ணுவோம்.